தென்னந்தோப்புக்கு ஸ்லாஷர்: 24 ஹெச்.பி. மினி டிராக்டருக்கு 4 அடியா, 5 அடியா?

ஆழியாற்றங்கரை

வணக்கமுங்க. ஆனைமலைக்குப் பக்கத்தில் எங்களுக்கு 7 ஏக்கர் தென்னை. 25 அடிக்கு 25 அடி நடவு, எல்லாம் வளர்ந்த மரங்கள். அப்பாவுக்கு உடம்பு முடியாததால் இப்போது தோப்பை நான்தான் பார்க்கிறேன். போன வருடம் 24 ஹெச்.பி. நாலு வீல் மினி டிராக்டர் வாங்கினோம். இதுவரை களைக்கு, மண்ணைக் கிளறி உழும் ரோட்டவேட்டர் ஓட்டினோம். ஆனால் மழை நின்று ஒரு மாதத்துக்குள் கோரையும் பார்த்தீனியமும் முன்னைவிட அடர்த்தியாக எழும்பி வருகின்றன. தோப்புக்குள் மாடு மேய்வதால் களைக்கொல்லி அடிக்க மனசில்லை.

அதனால் டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, சுற்றும் கத்தியால் களையை வெட்டுகிற ரோட்டரி ஸ்லாஷர் வாங்கலாம் என்றிருக்கிறேன். கடையில் 5 அடி எடுக்கச் சொல்கிறார்கள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லையாம், வேலையும் சீக்கிரம் முடியுமாம். சொந்தக்காரர் ஒருவரோ ஸ்லாஷரே வேண்டாம், களையைப் பொடியாக்குகிற மல்ச்சர் எடு, விழுந்த மட்டையையும் தூளாக்கிவிடும் என்கிறார். தோப்பில் மரத்துக்கு மரம் சொட்டுநீர் கொண்டுபோகும் லேட்டரல் பைப் ஓடுகிறது. அங்கங்கே வெங்கச்சாங்கல்லும் (கெட்டியான வெள்ளைக் கல்) கிடக்கிறது. வண்டி ஒற்றைக் கிளட்ச். நானும் ஓட்டுவேன், வாரத்தில் சில நாள் டிரைவர் ஒருவர் வருவார். எதைப் பார்த்து முடிவு செய்வது? அனுபவம் உள்ள அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

உடுமலைப் பட்டறை

வணக்கம் சகோதரி. உடுமலையில் பட்டறை வைத்திருக்கிறேன், டிராக்டர் கருவிகளைப் பழுது பார்ப்பதுதான் தொழில். கொஞ்சம் தென்னையும் உண்டு. உங்கள் வண்டிக்கு 4 அடிதான். ஆனால் அடிக்கணக்கைவிட முக்கியமானது நீங்கள் கடைசியாகச் சொன்ன ஒற்றைக் கிளட்ச். அதற்கு வருகிறேன்.

முதலில் ரோட்டவேட்டர். அதை நிறுத்துவது நல்ல முடிவு. கோரைக்கு மண்ணுக்குள் கிழங்குகள் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும். ரோட்டவேட்டர் அதைத் துண்டாக்கித் தோப்பு முழுக்கப் பரப்பிவிடும், துண்டுக்குத் துண்டு முளைக்கும். தென்னையின் வேரும் ஆணிவேர் கிடையாது, சல்லிவேர். மரத்தைச் சுற்றி 6 அடிக்குள்தான் உரமும் தண்ணீரும் எடுக்கிற வேர்கள் நெருக்கமாக இருக்கும். அந்த இடத்தில் திரும்பத் திரும்ப உழுதால் மரம்தான் கஷ்டப்படும். ஸ்லாஷர் மண்ணைத் தொடாது, வெட்டின புல் அங்கேயே மூடாக்காகக் கிடக்கும். அதற்காகக் கோரை ஒழிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், அடங்கி இருக்கும், அவ்வளவுதான். பார்த்தீனியத்தைப் பூ எடுப்பதற்கு முன்னால் வெட்ட வேண்டும். அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும், மறுபடி வெட்டுங்கள். ஒரு விதை விழும் வரை விட்டால் அடுத்த மழைக்குப் பழைய கதைதான்.

இப்போது அடிக்கணக்கு. 24 ஹெச்.பி. என்பது என்ஜினின் திறன். கருவிக்குப் போவது பி.டி.ஓ. திறன், அதாவது கருவியைச் சுற்ற வைக்க டிராக்டரின் பின்னால் இருக்கும் தண்டில் கிடைக்கும் திறன், அது எப்போதும் குறைவு. வண்டிப் புத்தகத்தில் தனியாகப் போட்டிருப்பார்கள், எடுத்துப் பாருங்கள். ஸ்லாஷருக்கு ஒரு அடி அகலத்துக்கு 4 முதல் 5 பி.டி.ஓ. ஹெச்.பி. என்று நாங்கள் கணக்குப் போடுவோம். 4 அடிக்கு 16 முதல் 20. அது உங்கள் வண்டிக்குச் சரியாக இருக்கும். 5 அடிக்கு 20 முதல் 25. காய்ந்த புல்லில் 5 அடியும் ஓடும், கடைக்காரர் ஓட்டிக் காட்டுவதும் அப்படிப்பட்ட இடத்தில்தான். இடுப்பளவு ஈரப் பார்த்தீனியத்துக்குள் நுழைந்தால் என்ஜின் இழுபட்டு வேகம் விழும். வேகம் விழுந்தால் கத்தி புல்லை வெட்டாது, கிழித்து மடக்கிவிட்டுப் போகும். அப்புறம் அதே தடத்தில் இரண்டு தடவை ஓட்ட வேண்டி வரும். சீக்கிரம் முடியும் என்று சொன்னது அங்கே பொய்த்துப் போகும்.

ஒரு டேப் எடுத்துப் பின் டயர்களின் வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் அளந்துகொள்ளுங்கள். வெட்டும் அகலம் அதைத் தாண்டினால் போதும். இல்லாவிட்டால் டயர் மிதித்த புல் வெட்டுப்படாமல் கோடாக நிற்கும்.

சரி, ஒற்றைக் கிளட்ச். உங்கள் வண்டியில் பி.டி.ஓ.வும் சக்கரமும் ஒரே கிளட்சில்தான் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்கிறேன். ஸ்லாஷரின் கத்தியும் அடித்தட்டும் கனமான இரும்பு. சுற்றத் தொடங்கினால் சீக்கிரம் நிற்காது. நீங்கள் கிளட்சை மிதித்தால் என்ஜின்தான் விலகும். சுற்றிக்கொண்டிருக்கும் கத்தியின் விசை, கருவியையும் பி.டி.ஓ.வையும் இணைக்கும் ஷாப்ட் வழியாகத் திரும்பி வந்து கியர் பாக்ஸைச் சுழற்றும், அது சக்கரத்தைத் தள்ளும். கிளட்ச் கால் அடியில் இருக்கும்போதே வண்டி முன்னால் போகும். எதிரே மரம் இருந்தால் மரத்தில் மோதும், வாய்க்கால் இருந்தால் வாய்க்காலில் இறங்கும். ரோட்டவேட்டரை மண் பிடித்து நிறுத்திவிடுவதால் இதுவரை இது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

இதற்கு ஓவர் ரன்னிங் கிளட்ச் என்று ஒன்று இருக்கிறது. பெடலை நிறுத்தினாலும் சைக்கிள் சக்கரம் தன் பாட்டுக்கு ஓடுகிறதல்லவா, அதே ஃப்ரீ வீல் வேலைதான். டிராக்டர் கத்தியைச் சுற்றும், கத்தி டிராக்டரைச் சுற்ற முடியாது. சில ஷாப்டிலேயே சேர்ந்து வரும், இல்லாவிட்டால் பி.டி.ஓ. முனையில் தனியாக மாட்டலாம். ஸ்லாஷருக்கு விலை பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசுங்கள். இது இல்லாமல் ஒற்றைக் கிளட்ச் வண்டியில் ஸ்லாஷர் ஓட்ட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அடுத்தது கல். கத்தி மாட்டியிருக்கும் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். வட்டத் தட்டாக, ஓரம் மேல்நோக்கி வளைந்திருந்தால் கல்லின் மேலும் அடிக்கட்டையின் மேலும் ஏறி வழுக்கிப் போகும். வெறும் பட்டை இரும்பு மட்டும் என்றால் நேராக மோதும். கத்தி ஒற்றை போல்ட்டில் தொங்கி, மோதும்போது பின்னால் மடங்க வேண்டும், கையால் தள்ளிப் பாருங்கள். பளு மீறினால் உடைந்து கொடுக்கும் ஷியர் போல்ட்டோ, வழுக்கிக் கொடுக்கும் ஸ்லிப் கிளட்சோ ஷாப்டில் கட்டாயம். ஷியர் போல்ட் மலிவு, உடைந்தால் மாற்றிவிட்டுப் போகலாம். ஆனால் அடிக்கடி உடைகிறது என்று சிலர் அந்த இடத்தில் கெட்டியான ஹை டென்சைல் போல்ட்டைப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் உடைவது கியர் பாக்ஸ். என் பட்டறைக்கு வரும் ஸ்லாஷர்களில் பல்லுப் போனவை இப்படித்தான் வருகின்றன. போல்ட் உடைவது அதன் வேலை. அதே அளவு, அதே தரத்தில் ஒரு டஜன் வாங்கி டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள்.

மட்டைக்கு ஸ்லாஷர் வேண்டாம். ஓலைப் பக்கம் வெட்டுப்படும், அடிமட்டை தட்டுக்கடியில் சிக்கி உருளும். மட்டையையும் பாளையையும் முதலில் பொறுக்கி ஒதுக்கிவிடுங்கள். நைலான் கயிறு, சாக்குத் துண்டு, கட்டுக்கம்பி எதையும் விடாதீர்கள். கியர் பாக்ஸுக்கு அடியில் ஷாப்டில் சுற்றிக்கொண்டு, ஆயில் கசியாமல் அடைக்கும் ‘சீல்’ வளையத்தை அறுத்துவிடும். ஆயில் வடிவது வெளியே தெரியாது, கியர் காய்ந்து போன பிறகுதான் தெரியும். லேட்டரல் பைப்பைச் சுருட்டி வட்டப்பாத்திக்குள் மரத்தடியில் போட்டுவிட்டு ஓட்டுங்கள்.

பேராவூரணி நெடுஞ்சாலை

பட்டறை அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. நான் 45 ஹெச்.பி. வண்டியில் மல்ச்சர் ஓட்டுகிறேன். கிடைமட்டமாக ஒரு உருளை, அதில் வரிசையாகச் சுத்தியல் கத்திகள். களை பொடியாகக் கிடக்கும், சீக்கிரம் மக்கும். கல் பட்டாலும் ஸ்லாஷர் அளவுக்குத் தூரம் எறியாது. 2018 கஜாவில் எங்கள் பக்கம் தோப்புகள் அடியோடு சாய்ந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். அதன் பிறகு நட்ட கன்றுகளில் மட்டை தாழ்வாகப் பரந்து நிற்கும், டிராக்டர் உள்ளே புக முடியாது. அதனால் ஒரு பக்கம் தள்ளி மாட்டுகிற மாதிரி உள்ள மல்ச்சரை எடுத்தேன். வண்டி வெளியே போகும், கருவி மட்டும் மட்டைக்கடியில் போகும்.

ஆனால் 24 ஹெச்.பி.க்கு நானும் மல்ச்சரைச் சொல்ல மாட்டேன். அதே அகலத்துக்கு ஸ்லாஷரைவிட அதிகத் திறன் கேட்கும், எடையும் அதிகம். கத்தி இரண்டல்ல, வரிசையாக இருபது முப்பது இருக்கும். தேய்ந்தால் மாற்றும் செலவையும் யோசியுங்கள். அடிமட்டையைத் தூளாக்குவதற்குத் தனியாகத் துகளாக்கும் இயந்திரம் இருக்கிறது, அதை நாள் வாடகைக்கு எடுத்து ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

மானியத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வேளாண் பொறியியல் துறை வழியாகக் கருவிகளுக்கு மானியம் உண்டு. பொதுவாக 40 சதவீதம், சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம் வரை, ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு தனி. உழவன் செயலியிலேயே பதியலாம். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அனுமதி வருவதற்கு முன்னால் பணம் கட்டிவிட வேண்டாம். பட்டா அப்பா பெயரிலா, உங்கள் பெயரிலா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள் சகோதரி, பெண் விவசாயி என்ற கணக்கு அதைப் பொறுத்தது.

கம்பம் பள்ளத்தாக்கு

கருவி எதை வாங்கினாலும் சரி, முன்னாலும் பின்னாலும் சங்கிலித் திரை இல்லாமல் வாங்காதீர்கள். 4 அடி ஸ்லாஷரில் கத்தி நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால் அதன் நுனி வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வரும், கணக்குப் போட்டுப் பாருங்கள். வெங்கச்சாங்கல்லை அந்த வேகத்தில் எறிந்தால் அடுத்த தோப்பில் நிற்கிறவர் மேல் படும். ஓட்டும்போது மாட்டை வேறு பக்கம் கட்டுங்கள். தேங்காய் பொறுக்குகிற ஆட்களை அன்றைக்கு அந்தப் பக்கமே விடாதீர்கள்.

டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: லுங்கி, வேட்டி, தோளில் துண்டு எதுவும் கூடாது. நீங்களும் ஓட்டும் நாளில் சேலை முந்தானை, துப்பட்டா வேண்டாம். பி.டி.ஓ. ஷாப்டின் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறை உடைந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். துணி சுற்றினால் கையை விலக்கக்கூட நேரம் இருக்காது. என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, கத்தி முழுக்க நின்ற பிறகுதான் இறங்க வேண்டும். இதில் தயவே காட்டாதீர்கள்.

ஆழியாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. புத்தகத்தைப் பார்த்தேன், பி.டி.ஓ. 19 ஹெச்.பி. என்று போட்டிருக்கிறது. டயர் வெளி ஓரம் 4 அடிக்கு உள்ளேதான் வருகிறது. 5 அடியை விட்டுவிட்டேன். கடையில் ஓவர் ரன்னிங் கிளட்ச் கேட்டேன், வரவழைத்துத் தருகிறோம் என்றார்கள். பட்டா அப்பா பெயரில்தான், விண்ணப்பத்தை அவர் பெயரிலேயே போடுகிறோம்.

இன்னும் இரண்டு சந்தேகம். வண்டியில் பி.டி.ஓ.வுக்கு இரண்டு வேகம் இருக்கிறது, எதில் ஓட்டுவது? ஷாப்ட் நீளமாக இருந்தால் அறுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள், எவ்வளவு அறுப்பது?

உடுமலைப் பட்டறை

நல்லதுங்க. ஸ்லாஷரின் பெயர்த் தகட்டில் 540 (பி.டி.ஓ. நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) என்று இருந்தால் 540 மட்டும்தான். கூடுதல் வேகத்தில் போட்டால் நன்றாக வெட்டும் என்று டிரைவர் சொன்னாலும் கேட்காதீர்கள், கத்தியும் போல்ட்டும் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. என்ஜினை 540 வருகிற இடத்தில் வைத்துவிட்டு, களை அடர்ந்தால் கியரை இறக்குங்கள், ஆக்சிலேட்டரைக் குறைக்காதீர்கள்.

ஷாப்டைக் கடையிலேயே அறுக்க விடாதீர்கள், உங்கள் வண்டியில் மாட்டித்தான் அளக்க வேண்டும். ஸ்லாஷரை மெதுவாக ஏற்றி இறக்கிப் பார்த்தால் ஒரு உயரத்தில் இரண்டு முனைகளும் மிகவும் நெருங்கி வரும். அந்த நிலையிலும் ஷாப்ட் முட்டாமல் ஒரு அங்குலமாவது இடம் இருக்க வேண்டும். நீண்டு நிற்கும் நிலையிலும் உள்குழாய் வெளிக்குழாய்க்குள் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அறுக்கும்போது இரண்டு குழாய்களிலும் ஒரே அளவு, மேலுறையிலும் அதே அளவு. பிசிரை அரத்தால் தேய்த்து, கிரீஸ் போட்டு மாட்டுங்கள். அறுத்ததை ஒட்ட முடியாது, அதனால் குறைவாக அறுத்து மறுபடி மாட்டிப் பாருங்கள்.

கருவியை டிராக்டரின் தூக்கும் ஆர்மில் மாட்டுகிற லிங்க் பின் அளவையும் பார்த்து வாங்குங்கள். மினி வண்டிக்குக் கீழ் ஆர்மில் 22 மில்லி பின் வரும். பெரிய வண்டிக்கான 28 மில்லி பின்னோடு ஸ்லாஷர் வந்தால் உங்கள் ஆர்மில் நுழையாது.

கருவியைத் தூக்கியதும் ஸ்டியரிங் லேசாகிறதா என்று பாருங்கள். லேசானால் முன்பக்கம் எடை தூக்குகிறது, முன் வெயிட் போட வேண்டும். மேட்டில் ஏறும்போது இது ரொம்ப முக்கியம். வெட்டும்போது மேலே கருவியை இழுத்துப் பிடிக்கும் டாப் லிங்கைச் சரி செய்து ஸ்லாஷரின் முன்பக்கத்தைப் பின்பக்கத்தைவிட ஒரு அங்குலம் தாழ்வாக வையுங்கள். வெட்டின புல் பின்னால் சுலபமாக வெளியேறும், என்ஜினுக்கும் பளு குறையும். முதல் தடவை 4 அங்குல உயரத்தில் ஓட்டுங்கள், கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு இறக்கிக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி எல்லா போல்ட்டையும் இறுக்குங்கள், கத்தி போல்ட்டை மட்டும் மறக்கவே வேண்டாம். கத்தி மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்று எடை குறைந்தாலும் அதிர்வு கியர் பாக்ஸைத்தான் தின்னும்.

இன்னொன்று. புது ஸ்லாஷர் சில சமயம் கியர் பாக்ஸில் ஆயில் ஊற்றாமலே வரும். 90 கிரேடு கியர் ஆயில்தான் பெரும்பாலும், புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கடையிலிருந்து இறக்கியதும் லெவல் பிளக்கைத் திறந்து நீங்களே கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் வண்டியில் மாட்டுங்கள்.