ஸ்வெல்லுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

திருவான்மியூர் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு பயணக் கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலைக்குள் பத்திரிகைக்குப் போயாக வேண்டும். சென்னை நண்பர்கள் நான்கு பேர் லிஸ்பனில் ஒரு வேன் வாடகைக்கு எடுத்து, பலகைகளைக் கூரையில் கட்டிக்கொண்டு, போர்ச்சுகல் கடற்கரை முழுக்கச் சர்ஃப் செய்துகொண்டே போகிறார்கள். எரிசெய்ரா, பெனிஷே, நசரே வரை வடக்கே போய்விட்டு, திரும்பித் தெற்கே அரிஃபானா, சாக்ரெஸ். சர்ஃபிங்குக்கு அலைச்சறுக்கு என்று பத்திரிகைகளே எழுதுகின்றன, அதை எடுத்துக்கொண்டேன். ஸ்வெல்தான் சிக்கல், அதாவது தொலைவில் எங்கோ புயல் கிளப்பி, கரை நோக்கி வரிசையாக ஓடி வரும் அலைகள். கட்டுரையில் 31 இடங்களில் வருகிறது.

அலை என்று போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சாக்ரெஸ் பகுதியில் ஒரு வாக்கியம், "ஸ்வெல் இருந்தது, அலை இல்லை." அந்த முனைக்கு மேற்குப் பக்கமும் கடல், தெற்குப் பக்கமும் கடல். வடமேற்கிலிருந்து வருவது மேற்குக் கரையில் மோதி உடையும், தெற்குக் கரையில் அதே நேரம் தண்ணீர் ஏரி மாதிரி கிடக்கும். இரண்டுக்கும் அலை என்றே போட்டால் வாக்கியம் செத்துவிடும். உதவுங்கள்.

மயிலாப்பூர் தமிழாசிரியர் (ஓய்வு) எழுதியது:

அம்மா, புதிதாக ஆக்கவே வேண்டாம். மதுரைக்காஞ்சியின் முதல் அடியே "ஓங்குதிரை வியன்பரப்பின்" என்றுதான் தொடங்குகிறது. ஓங்குதிரை. உயர்ந்து எழும், ஆனால் உடைந்ததாக அந்தச் சொல்லில் இல்லை. உங்களுக்கு வேண்டியது அதுதானே?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அலைச்சறுக்கு என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. சறுக்குவது தவறுவது. யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோம். அலைமேல் நிமிர்ந்து நின்று வருபவன் சறுக்குகிறான் என்றால், கீழே விழுபவன் என்ன செய்கிறான்? நம்மிடம் ஊர்தல் இருக்கிறது. பல்லக்கில் போகிறவனை "பொறுத்தானோடு ஊர்ந்தான்" என்றார் வள்ளுவர். "மாவென மடலும் ஊர்ப" என்கிறது குறுந்தொகை. பனைமட்டையைக் குதிரையாக எண்ணி ஏறினால் அது ஊர்தல், பலகைமேல் ஏறி அலையில் வந்தால் மட்டும் சறுக்கலா? அலையூர்தல் என்று எழுதுங்கள்.

கோவளத்திலிருந்து, சர்ஃப் கற்றுக்கொடுக்கும் ஒருவர் எழுதியது:

ஐயா, வணக்கம். மடல் ஊர்வது இதுவரை எனக்குத் தெரியாது, படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் எங்கள் கரையில் ஊர்வது நண்டு. பிள்ளைகளிடம் அலையில் ஊர்ந்து வா என்றால் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் வருவார்கள், எழுந்து நிற்க மாட்டார்கள். சறுக்கு என்றால் பூங்காவில் இருக்கும் சறுக்குமரம்தான் அவர்களுக்கு நினைவு வரும், அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் பன்னாட்டுப் போட்டி நடந்தபோது அலைச்சறுக்கு என்ற சொல் ஊரெல்லாம் பரவிவிட்டது, இனிமேல் மாற்றுவது கஷ்டம்.

அக்கா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாங்களும் ஸ்வெல் என்றுதான் சொல்கிறோம். காலையில் எழுந்ததும் கேட்பது மூன்றே கேள்வி. ஸ்வெல் எந்தத் திசை, அலைக்கு அலை எத்தனை வினாடி, காற்று கரையிலிருந்தா கடலிலிருந்தா. இந்தப் பேச்சுக்குள் உட்காரும் சொல்லாக இருந்தால் நானே நாளைக்கே பயன்படுத்துவேன்.

தாம்பரம் இயற்பியல் ஆசிரியை எழுதியது:

ஸ்வெல் என்றால் என்ன என்று முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். எங்கோ நடுக்கடலில் புயல் அடிக்கிறது. அந்தக் காற்று கிளப்பிய அலைகள் காற்றின் பிடியிலிருந்து விலகி, ஒழுங்காக வரிசை கட்டி, தம் போக்கில் ஓடி வருகின்றன. 14 வினாடி இடைவெளி கொண்ட அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 39 கிலோமீட்டர் நகரும், அதாவது இரண்டு நாளில் ஏறக்குறைய 1900 கிலோமீட்டர். இடைவெளி நீண்டவை வேகமாகப் போகும் என்பதால் கரைக்கு முதலில் வந்து சேர்வதும் அவைதான். கரையில் அது என்ன ஆகிறது என்பதைத் தரை தீர்மானிக்கிறது. நசரேயில் சுமார் 5000 மீட்டர் ஆழம் வரை இறங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகிலேயே தொடங்குகிறது. அது அலையை வளைத்துக் குவிப்பதால்தான் 2020 அக்டோபரில் ஜெர்மன் சர்ஃபர் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் 26.21 மீட்டர் அலையில் வந்தார். அதே ஸ்வெல் பக்கத்து ஊரில் சாதாரண அலை.

சொல் தேடும்போது இரண்டு கதவுகள் ஏற்கெனவே மூடியிருக்கின்றன. நெட்டலை என்று சொல்லத் தோன்றும், பாடநூலில் அது ஒலி அலைக்குப் போய்விட்டது. ஓதம் அழகான சொல், ஆனால் பள்ளிப் புவியியலில் ஓதம் என்றால் நிலவினால் ஏறி இறங்கும் நீர். இந்த இரண்டையும் தொட்டால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

பெருங்குடி மென்பொருளாளர் எழுதியது:

தொலைவிலிருந்து வருவதால் தொலையலை? தொலைபேசி, தொலைக்காட்சி வரிசையில் சரியாக உட்காரும்.

தாம்பரம் ஆசிரியை:

தம்பி, வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். "இந்தத் தலைவலி இன்னும் தொலையலை."

பெருங்குடி:

ஆமாம், கவனிக்கவில்லை. அப்படியானால் தொலைவலை?

கோவளம்:

அண்ணா, எங்கள் ஊரில் அதை வலை என்றுதான் படிப்பார்கள். தொலைந்துபோன வலை என்று நினைத்துத் தேடக் கிளம்பிவிடுவார்கள். அப்புறம், ஐயா சொன்ன ஓங்கு என்பதோடு அலையைச் சேர்த்து ஓங்கலை என்றும் வைக்க முடியாது. ஓங்கல் என்றால் டால்பின். "ஓங்கலைப் பார்த்தேன்" என்றால் டால்பினைப் பார்த்தேன் என்று அர்த்தம்.

மயிலாப்பூர்:

மிக நுட்பமான கவனிப்பு. அலை என்பது சொல்லின் கடைசியில் வந்தாலே இந்தத் தொல்லைதான். வினையோடு சேர்ந்தால் பேச்சு வழக்கின் எதிர்மறை ஆகிவிடுகிறது, லகர ஒற்றில் முடியும் பெயரோடு மோதினால் இரண்டாம் வேற்றுமை ஆகிவிடுகிறது, முன்னால் வகரம் வந்து ஒட்டினால் வலை. ஆகவே அலையை முன்னால் வையுங்கள், இல்லாவிட்டால் திரைக்கே வாருங்கள்.

வேளச்சேரியிலிருந்து, சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம்:

எங்கள் கரையில் இதற்கு ஒரு பெயர் உண்டு, கேரளக் கரையிலும் அதே பெயர்தான். கள்ளக்கடல். காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும், திடீரென்று கடல் வீட்டு வாசல் வரை ஏறிவரும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த புயல் அனுப்பியது அது. சொல்லைச் செய்தவர்கள் புலவர்கள் இல்லை, திருடன் மாதிரி வருகிறதே என்று பார்த்தவர்கள். உயிருள்ள சொல் இருக்கும்போது நாம் ஏன் தேடுகிறோம்?

திருவான்மியூர்:

இந்தச் சொல்லை என் கட்டுரையில் ஓர் இடத்திலாவது கொண்டுவர ஆசையாக இருக்கிறது. ஆனால் கள்ளக்கடல் என்றால் வீடு இழந்தவர்களின் சொல். பெனிஷேயில் நான்கு பேர் இரவெல்லாம் வேனில் படுத்துக்கொண்டு, காலையில் வந்துவிடுமா வந்துவிடுமா என்று காத்திருப்பதற்கு அதே சொல்லை எப்படி வைப்பேன்? மனம் வரவில்லை.

பெருங்குடி:

ஸ்வெல் என்றே விட்டால் என்ன? போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தபோது ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாவற்றையும் வாங்கி வீட்டுக்குள் வைத்துக்கொண்டோம். யாரும் சாளரத்தைத் திறந்து காற்று வாங்குவதில்லை.

மயிலாப்பூர்:

தம்பி, ஜன்னல் ஒரு வீட்டுக்கு நான்கு. கடல் அப்படியில்லை. இவ்வளவு நீளக் கரையை வைத்துக்கொண்டு, கடலைப் பற்றிய ஒரு சொல்லைக் கடன் வாங்குவது எனக்கு வலிக்கிறது. அதோடு ஸ் என்று மெய்யில் தொடங்கும் சொல்லைத் தொல்காப்பியம் படித்த கையால் எழுத முடியவில்லை.

அண்ணாநகரிலிருந்து, நாளிதழில் செய்தி திருத்துபவர் எழுதியது:

இழை முழுக்கப் படித்தேன். நான் பல வருடமாகத் தினமும் கை வைக்கும் ஒரு வாக்கியம் உண்டு: மேட்டூர் அணைக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கனஅடி. எங்கோ குடகில் பெய்த மழை நாள் கணக்கில் ஓடி இங்கே வந்து சேர்கிறது, நாம் அளவு சொல்கிறோம். ஸ்வெல்லும் அதுதானே? எங்கோ புயல், இங்கே வரவு. அலைவரத்து என்று சொல்லிப் பாருங்கள். "வடமேற்கு அலைவரத்து, 3 மீட்டர், 14 வினாடி." "அலைவரத்து இருந்தது, அலை இல்லை." அலை முன்னால் வந்துவிட்டது, வலையும் இல்லை, டால்பினும் இல்லை. விவசாயி முதல் மீனவர் வரை வரத்து தெரியாதவர் கிடையாது.

கோவளம்:

அக்கா, இது வாயில் நிற்கிறது. "இன்னைக்கு வரத்து எப்படி?" என்றே கேட்டுவிடலாம். மீன்வரத்து என்று ஏலக்கூடத்தில் சொல்வதுதான்.

தாம்பரம்:

எனக்கும் சம்மதம். ஆனால் கரை சேராத, நடுக்கடலில் ஒரு கப்பலை ஆட்டிக்கொண்டிருக்கும் ஸ்வெல்லையும் வரத்து என்பது இடறுகிறது. வகுப்பில் யாராவது கேட்பார்கள்.

வேளச்சேரி:

கப்பலுக்கும் வந்துதானே சேர்கிறது. எனக்குச் சரி.

மயிலாப்பூர்:

பெரும்பான்மை எனக்குப் புரிகிறது. என் மறுப்பைப் பதிவு செய்துவிடுகிறேன். வரத்து என்பது கணக்குப்பிள்ளையின் சொல், அளவு சொல்லும், உருவம் சொல்லாது. திரை என்றால் சுருக்கம், மடிப்பு. நரை திரை மூப்பு என்பதில் உள்ள திரை அதுதான். அம்மா, உங்கள் கட்டுரையில் அந்த நான்கு பேரும் செங்குத்தான பாறைமேல் நின்று கடலைப் பார்க்கும் இடம் எங்காவது வருகிறதா? மேலிருந்து பார்த்தால் முதியவர் கைத்தோலில் ஓடும் சுருக்கம் போல வரிவரியாக வந்துகொண்டிருக்கும். எலியட்ஸ் கடற்கரைப் பக்கம் ஒரு மாடியிலிருந்து பல காலை நான் பார்த்திருக்கிறேன். இதற்குத் திரை என்று பெயர் வைத்தவன் கடலை நன்றாகப் பார்த்தவன்.

திருவான்மியூர்:

ஐயா, அரிஃபானாவில் பாறைமேல் நிற்கும் இடம் வருகிறது. 30 இடங்களில் அலைவரத்து என்று போட்டுவிட்டேன், அந்த ஓர் இடத்தில் மட்டும் ஓங்குதிரை. ஆசிரியர் குழு வெட்டினால் நான் பொறுப்பில்லை, ஆனால் சண்டை போட்டுப் பார்ப்பேன். ஒரு மணி நேரத்தில் அனுப்ப வேண்டும், இன்னொரு சொல் மட்டும் மிச்சம். எதிரே உடைந்து வரும் அலைக்கு அடியில் பலகையோடு புகுந்து மறுபக்கம் வெளியே வருகிறார்கள், வாத்து மாதிரி. அதற்கு?

கோவளம்:

முங்கி வருவது, அக்கா. அதற்குச் சொல் தேட வேண்டாம்.

மயிலாப்பூர்:

மூழ்கு, முழுகு, முங்கு. இதைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.