ஜவுளிக்கடை வேலை, இப்போ 5 மாசம் கர்ப்பம், ரிசைன் எழுதிக் குடுக்கச் சொல்றாங்க. லீவு கிடைக்குமா?

பட்டு_செக்ஷன்:
எல்லாருக்கும் வணக்கம். மதுரையில ஒரு பெரிய ஜவுளிக்கடையில பட்டு செக்ஷன்ல சேல்ஸ்ல இருக்கேன், போன வருஷம் ஆடித் தள்ளுபடிக்கு முன்னாடி சேர்ந்தது. ஜனவரி நடுவுல பிரசவத்துக்கு டேட் குடுத்திருக்காங்க. காலையில ஒன்பதரைக்கு நின்னா நைட்டு ஒன்பது வரைக்கும் நிக்கணும், ஸ்டூல் கிடக்கு ஆனா கஸ்டமர் இல்லாதப்ப உக்காந்தாக்கூட ஃப்ளோர் சூப்பர்வைசர் கேமராவுல பாத்துட்டு இன்டர்காம்ல சத்தம் போடுவாரு, சாயங்காலம் ஆனா கால் வீங்கி செருப்புக்குள்ள நுழைய மாட்டேங்குது. நேத்து அவரே கூப்பிட்டு "தீபாவளி கூட்டத்துல உன்னால நிக்க முடியாதும்மா, ரிசைன் எழுதிக் குடுத்துட்டுப் போ, பிள்ளை பெத்துட்டு வா, புதுசா சேத்துக்கறோம்"ங்கறாரு. சம்பளம் 14,500, இஎஸ்ஐக்கு (தொழிலாளர் காப்பீட்டுக்கு) மாசம் 109 ரூபா பிடிக்கறாங்க. லீவெல்லாம் ஆபீஸ்காரங்களுக்குத்தான், கடைக்குக் கிடையாதுன்னு கூட இருக்கிற அக்காங்க சொல்றாங்க. வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுறாரு, என் சம்பளம் இல்லைன்னா வாடகை குடுக்க முடியாது. என்ன பண்றது?

கணக்கு_பாக்குறவன்:
தங்கச்சி, அந்த லெட்டர மட்டும் எழுதிறாதீங்க. எழுதிட்டா நீங்களா விருப்பப்பட்டுப் போனதா ஆயிடும், அப்புறம் பழைய சர்வீஸ் கேக்க முடியாது. நான் ஒரு சூப்பர்மார்க்கெட்ல சம்பளக் கணக்கு பாக்கறேன். 14,500க்கு 0.75 சதவீதம்னா 109தான், பிடிக்கறது சரி. 21,000க்குள்ள சம்பளம் இருக்கறதால உங்களுக்கு 26 வாரச் சம்பளத்த இஎஸ்ஐ நேரா பேங்க் அக்கவுண்ட்ல போடும், முதலாளி கையில இருந்து அந்த லீவுக்கு ஒரு பைசா போகாது, இது நிறைய கடையில சூப்பர்வைசருக்கே தெரியாது. ஜனவரியில பிரசவம்னா போன அக்டோபர்ல இருந்து இந்த செப்டம்பர் வரைக்கும் இருக்கற ரெண்டு அரையாண்டுல மொத்தம் 70 நாளுக்குப் பணம் கட்டியிருந்தாப் போதும். ஆனா பிடிச்சத நிஜமா கட்டினாங்களான்னு பாருங்க, இஎஸ்ஐ சைட்டுல உங்க 10 இலக்க நம்பர் போட்டா மாசாமாசம் காட்டும்.

நெல்லைக்காரி:
கடைக்குக் கிடையாதுன்னு யாரு சொன்னது? 1961 பேறுகாலச் சட்டத்துலயே 10 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற கடையும் வந்துச்சு, 2017ல 12 வாரத்த 26 ஆக்குனாங்க, இப்ப அதுக்குப் பதிலா வந்திருக்கற 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துலயும் அந்த 26 அப்படியே இருக்கு. முதல் ரெண்டு குழந்தைக்கு 26, அதுல பிரசவத்துக்கு முன்னாடி 8 வாரம் வரைக்கும் எடுத்துக்கலாம். லீவுல இருக்கறப்ப வேலைய விட்டுத் தூக்கவும் முடியாது. அப்புறம் ஸ்டூல் விஷயம், இதப் படிச்சுத்தான் எனக்கு ஆத்திரமா வந்துச்சு, தமிழ்நாட்டுல 2021லயே கடை நிறுவனச் சட்டத்துல திருத்தம் கொண்டுவந்து எல்லா ஊழியருக்கும் இருக்கை குடுக்கணும், சந்தர்ப்பம் கிடைக்கறப்ப உக்கார விடணும்னு போட்டாச்சு, மாசமா இருக்கறவங்களுக்கு மட்டும் இல்ல எல்லாருக்கும்! உக்காருங்க. திட்டுனா தேதி நேரத்தோட எழுதி வைங்க, தொழிலாளர் உதவி ஆணையர் ஆபீஸ்ல மனு குடுக்கலாம்.

சின்னக்கடை:
நல்லா சொன்னீங்க அக்கா, ஆனா எங்க மாதிரி ஆறு பேர் இருக்கற ஃபேன்சி ஸ்டோருக்கு இந்த 26 வார லீவு வராது. என்கூட வேலை பாத்த பொண்ணு எட்டாம் மாசம் வரைக்கும் நின்னா, அப்புறம் கையில 2,000 குடுத்து அனுப்பிட்டாங்க. பிள்ளை சின்னக் கடையில வேலை பாக்கறவ வயித்துல வளந்தா அதுக்குப் பால் வேண்டாமா? அவளுக்குக் கிடைச்சது அரசாங்கத்தோட முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் ஒண்ணுதான், 18,000, அதுலயும் ஒரு பங்கு ஊட்டச்சத்துப் பெட்டியா வரும். தோழி, நீங்களும் ஏரியா நர்ஸம்மாகிட்ட பேர் பதிஞ்சாச்சான்னு பாத்துக்கங்க, பதிஞ்சா குடுக்கற நம்பர பிறப்புச் சான்றிதழுக்கும் கேப்பாங்க.

பட்டு_செக்ஷன்:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. சைட்டுல பாத்துட்டேன், பணம் கட்டியிருக்காங்க. லீவு லெட்டர சூப்பர்வைசர் கையில வாங்க மாட்டேங்கறாரு, என்ன பண்ணட்டும்?

கணக்கு_பாக்குறவன்:
கடை அட்ரஸுக்கு ஸ்பீடு போஸ்ட்ல, டெலிவரி ஆனதுக்கு அத்தாட்சி கேட்டு அனுப்புங்க, டாக்டர் குடுத்த டேட் சீட்டு ஜெராக்ஸும் வைங்க. வாட்ஸ்அப்லயும் எச்ஆருக்குப் போட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வைங்க, உங்க போன் போனாலும் அது இருக்கும்.