புருலியா சாவ் முகமூடி: காகிதம் அச்சை விட்டு வரவில்லை

கேள்வி: மேற்கு வங்கத்தின் புருலியா பகுதியில் ஆடும் சாவ் நடனத்துக்கான முகமூடி செய்கிறேன். களிமண் அச்சில் ஒட்டிய காகிதம் உரிக்கும்போது மூக்கோரம் கிழிகிறது. எத்தனை அடுக்கு வேண்டும்?

பதில் 1: சாம்பல் போதவில்லை. காகிதத்துக்கு முன்பே சலித்த சாம்பலை அச்சு முழுக்கத் தூவுங்க, கண்குழியிலும் மூக்கு மடிப்பிலும் கூடுதலா. மைதாப் பசையில் 8 முதல் 10 அடுக்கு. அதன்மேல் களிமண் குழம்பும் மெல்லிய துணியும். இந்த முகமூடிகள் செய்யும் சரிதா கிராமத்தில் இதை மரக்கரண்டியால் தேய்த்து இமை, உதடெல்லாம் கூர்மையாக்குவார்கள். அந்தத் தேய்ப்புதான் முகத்துக்கே உயிர்!

பதில் 2: முழுக்கக் காயுமுன் கழற்றினால் கன்னம் கோணிவிடும். நாசித்துளையைத் தாராளமா விடுங்க சார், குட்டிக்கரணம் போடுபவருக்கு மூச்சு முட்டும். ஆட்டம் விநாயகர் வணக்கத்தோடு தொடங்குவதால் பிள்ளையார் முகமூடியை முதலில் முடிங்க.

கேட்டவர்: துணிக்குப் பழைய பருத்தி வேட்டி சரியா?

பதில் 1: நல்லது. கஞ்சி போக அலசிடுங்க.