மடிநோய்க்கும் மரவள்ளி மாவுப்பூச்சிக்கும் இயற்கை வழி உண்டா?

கேள்வி (மேட்டுக்காட்டு விவசாயி):
எங்கள் கறவைப் பசுவின் மடி வீங்கிப் பால் திரிந்து வருகிறது. மரவள்ளித் தோட்டத்தில் மாவுப்பூச்சியும் பரவியுள்ளது. இரண்டுக்கும் நம்பகமான இயற்கை முறை உண்டா?

பதில் (கறவைக்காரர்):
ஐயா, மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்துச் செந்நிற விழுதாக அரையுங்கள். பாலை முழுவதும் கறந்து மடியைக் கழுவிய பின், ஒரு கைப்பிடி விழுதை நீரில் கரைத்து, நாளொன்றுக்குப் பத்து முறை வரை, ஐந்து நாட்கள் பூச வேண்டும். ஒரே நாளில் நிறுத்திவிட்டுப் பலனில்லை என்பவர்களே அதிகம்.

பதில் (பூச்சி ஆர்வலர்):
முதலில் அது எந்த மாவுப்பூச்சி என்று உறுதிசெய்யுங்கள். 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி என்றால், 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்ட அசெரோபேகஸ் பப்பாயே என்னும் சிறு குளவி, அதன் உடலுக்குள் முட்டையிட, அதிலிருந்து வரும் புழு உள்ளிருந்தே தின்று அழித்துவிடும். நுனிக் குருத்துகள் சுருண்டு கொத்தாக நின்றால், அது 2020இல் இந்தியாவில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சியாக இருக்கலாம். அதற்கு அனகைரஸ் லோபெசி என்ற வேறு குளவி தேவை. குளவியை விட்டபின் பூச்சிக்கொல்லி தெளித்தால் குளவியும் இறந்துவிடும். வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

பதில் (கால்நடைப் பணியாளர்):
பசுவுக்குக் காய்ச்சல் இருந்தாலோ, பாலில் இரத்தம் கலந்து வந்தாலோ, மூலிகையை மட்டும் நம்பியிராமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். திரிந்த பாலைக் கன்றுக்கும் கொடுக்க வேண்டாம்.