புதுப்பிப்பு: டென்வர் போகிறேனா இல்லையா?

2008 மார்ச் 4 இரவு, டெக்சாஸில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குப்பதிவு முடிந்த கையோடு பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் நடந்த வட்டார மாநாட்டைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். ஒபாமாவுக்காக வீடு வீடாகக் கதவு தட்டிய நான், டென்வரில் நடக்கவிருக்கும் கட்சியின் தேசிய மாநாட்டுக்குப் பிரதிநிதியாக நிற்பதாகவும் சொல்லியிருந்தேன். என்ன ஆச்சு என்று பலர் கேட்டீர்கள்.

மார்ச் 29, அடுத்த கட்டமான செனட் மாவட்ட மாநாட்டில் தேறிவிட்டேன். அப்புறம் ஜூனில் ஆஸ்டின், மாநில மாநாடு. அங்கேதான் கண்டம். ஆண், பெண் சரிபாதி இருக்க வேண்டும் என்பது கட்சி விதி. ஆண்களுக்கான இடம் சொற்பம், வரிசையோ ரேஷன் கடை மாதிரி. பேச ஒரு நிமிடம் கொடுத்தார்கள். நான் என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்வதற்குள் பாதி போய்விட்டது. எனக்கு முன்னால் பேசிய பாட்டி, வாக்காளர்களைத் தன் காரில் ஏற்றிப்போனதை மட்டும் சொன்னார். கூடமே எழுந்து கைதட்டியது.

தோற்றுவிட்டேன். மாற்றுப் பிரதிநிதி இடமும் இல்லை. ஜூன் 7, மாநாடு முடிவதற்குள் ஒபாமாவை எதிர்த்துப் போட்டியிட்ட ஹிலாரி விலகிய செய்தியும் வந்தது. விமானம், விடுதிச் செலவெல்லாம் பிரதிநிதியின் சொந்தக் காசு என்பதால் வீட்டில் யாருக்கும் பெரிய வருத்தமில்லை. சனிக்கிழமை மறுபடி கதவு தட்டப் போகிறேன்.