டெல்லி மே மாத வெயிலில் 18 கிலோமீட்டர்: எப்படி ஓடுகிறீர்கள்?

முனிர்கா மாடிவீடு:
எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் ஹாஃப் மாரத்தானுக்காக ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னை 18 கிலோமீட்டர் வரை கொண்டுவந்திருக்கிறேன். ஆறு மணிக்குக் கிளம்பி ஜேஎன்யூ பல்கலைக்கழகம் பக்கம் போய் சஞ்சய் வனத்துக்குள் ஒரு சுற்று. போன வாரம் கடைசி மூன்று கிலோமீட்டரில் அந்த வெயிலிலும் கை முழுக்கப் புல்லரித்தது, தலை விண்விண் என்று தெறித்தது, அதோடு நிறுத்திவிட்டு ஆட்டோ பிடித்தேன். தண்ணீர் குறைவு என்று சொல்ல முடியாது, ஒன்றரை லிட்டர் உள்ளே போயிருக்கும். தூத்துக்குடிக்காரன் என்பதால் வெயிலும் புதிதில்லை, ஆனால் இங்கே நாள் முழுக்க ஆபீஸ் ஏசி. மழை வரும்வரை ஓட்டமே வேண்டாம் என்கிறான் அறை நண்பன். நிறுத்தினால் இதுவரை சேர்த்த பயிற்சி போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இங்கே பல கோடை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மயூர் விஹார் அண்ணன்:
தம்பி, முதலில் அந்த ஆறு மணியை மாற்றுங்கள். மே கடைசியில் இங்கே ஐந்தரைக்குள் சூரியன் வந்துவிடுகிறது, நீங்கள் களைத்துப்போகிற கடைசி ஒரு மணி நேரம்தான் முழு வெயிலில் போகிறது. யமுனைக்கு இந்தப் பக்கம் நாங்கள் நாலரைக்குக் கிளம்பி ஆறரைக்குள் வீட்டில் இருப்போம்.

தூத்துக்குடி கணக்கு இங்கே செல்லாது. தினமும் கொஞ்ச நேரம் சூட்டில் வேலை வாங்கினால் பத்து முதல் பதினான்கு நாளில் உடம்பு பழகும்: ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே ஆரம்பிக்கும், அதில் உப்பும் குறையும். இரண்டு மூன்று வாரம் ஏசியிலேயே கிடந்தால் அதில் பெரும்பகுதி போய்விடும், பிறந்த ஊர் எதுவானாலும். அதனால் வார நாட்களில் அரை மணி நேரம் மெதுவாக வெளியே ஓடுங்கள், ஞாயிறு ஓட்டத்தை ஜூன் முடியும்வரை 12 கிலோமீட்டரோடு நிறுத்துங்கள். பயிற்சி ஒன்றும் போகாது. அக்டோபருக்கு ஆகஸ்டிலிருந்து தூரத்தை ஏற்ற நேரம் இருக்கிறது.

இன்னொன்று, வாட்ச்சில் பேஸை, அதாவது ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்பதை, பார்க்காமல் இதயத்துடிப்பைப் பாருங்கள். சூட்டில் ரத்தம் காலுக்கும் போக வேண்டும், உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் போக வேண்டும், அதனால் அதே வேகத்துக்குத் துடிப்பு ஏறும். கிலோமீட்டருக்கு அரை நிமிடம், சில நாள் ஒரு நிமிடம்கூட மெதுவாகும், ஆகட்டும். 2024 ஜூனில் டெல்லி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் ஒரு இரவு வெப்பம் 35.2 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. அப்படிப்பட்ட நாளில் நாலரை மணிக்குக்கூட வெளியே போக வேண்டாம், ஜிம் டிரெட்மில் போதும்.

கரோல்பாக் வாசி:
எல்லாம் தண்ணீர்தான் ப்ரோ. கிளம்பும் முன் ஒரு லிட்டர், அப்புறம் தாகம் வருவதற்கு முன்பே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் குடித்துக்கொண்டே போங்கள். எனக்கு இதுவரை ஒன்றும் ஆனதில்லை.

நைட் டியூட்டி நர்ஸ்:
இங்கே ஒரு மருத்துவமனையில் அவசரப் பிரிவில் இருக்கிறேன். கரோல்பாக் நண்பரே, கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும், உயிரே போகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்குத்தான் அந்த ஆபத்து மிக அதிகம். ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. உடல் எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, ஒரு கிராம்கூட ஏறவும் கூடாது.

மாடிவீடு தம்பி, வெயிலில் புல்லரிப்பதும் தலை தெறிப்பதும் உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை. நின்றது சரி. அடுத்த கட்டம் ஹீட் ஸ்ட்ரோக்: உள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறும், நடை தள்ளாடும், இருக்கிற இடம் தெரியாது. வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று பலர் நினைக்கிறார்கள், ஓடுபவர்களுக்குச் சட்டை நனைந்தபடியே வரும். கூட ஓடுகிறவர் இப்படி ஆனால் 112க்கு அழைத்துவிட்டு அங்கேயே குளிர்விக்க ஆரம்பியுங்கள். ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்குவதுதான் சிறந்தது, இங்கே ஆர்எம்எல் (ராம் மனோகர் லோகியா) மருத்துவமனையில் 2024 முதல் இதற்கென்றே தொட்டி வைத்திருக்கிறார்கள். தொட்டி இல்லையென்றால் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். முதல் அரை மணி நேரத்துக்குள் சூடு இறங்க வேண்டும், டெல்லி டிராஃபிக்கில் அந்த நேரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நினைவு தடுமாறுகிறவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. ஓடுவதற்கு முன் ஐபுபுரூஃபன் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், சூட்டில் சிறுநீரகம் கெடும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து போன வாரத்தில் ஓட்டமே வேண்டாம்.

ஆர்கே புரம் அக்கா:
தம்பி, சஞ்சய் வனத்துக்குள் தனியாகப் போகாதீர்கள், அங்கே மயங்கி விழுந்தால் யாருக்குத் தெரியும்? நான் நேரு பார்க்கைச் சுற்றியே ஓடுவேன். சின்னச் சுற்று, பாட்டில் ஒரே இடத்தில் இருக்கும், சரியில்லை என்று தோன்றினால் அடுத்த நிமிடம் உட்கார்ந்துவிடலாம், தெரிந்த முகங்களும் நாலு பேர் இருப்பார்கள். லோதி கார்டனும் நல்லது, ஐந்து மணிக்குத் திறந்துவிடுகிறார்கள்.

அறை நண்பர் மழைக்காகக் காத்திருக்கச் சொல்கிறார் அல்லவா, ஜூலையை நம்ப வேண்டாம். இப்போது காற்று காய்ந்திருப்பதால் தலையில் தண்ணீர் ஊற்றினால் ஆவியாகிக் குளிர்ந்துவிடும். ஜூலையில் வெப்பம் 32 என்று காட்டும், ஆனால் ஈரக்காற்றில் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், சூடு உள்ளேயே நிற்கும். எனக்கு மே மாதத்தைவிட அதுதான் கஷ்டம். தொப்பிக்குள் ஐஸ் வைத்துக்கொண்டு ஓடுவது அப்போது கை கொடுக்கும்.

முனிர்கா மாடிவீடு:
ரொம்ப நன்றி. நாலரை மணி, 12 கிலோமீட்டர், நேரு பார்க். முடிவு செய்துவிட்டேன். நர்ஸ் அக்கா, ஓஆர்எஸ் பாக்கெட்டைப் பாதிப் பாதியாகக் கலக்கலாமா? கடையில் பழரச டெட்ரா பாக்கெட்டையும் எலக்ட்ரோலைட் என்று கொடுக்கிறார்களே?

நைட் டியூட்டி நர்ஸ்:
பாதி போட்டால் உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் வராது. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுதாக ஒரு லிட்டரில் கலந்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. டெட்ரா பாக்கெட்டின் பின்புறம் சர்க்கரை அளவைப் படித்துப் பாருங்கள், இதைவிடப் பல மடங்கு இருந்தால் அது வெறும் ஜூஸ். வீட்டில் மோர் இருந்தால் உப்புப் போட்டுக் குடித்தாலே ஓட்டம் முடிந்த பிறகு போதும்.