விமானிகள் பழகும் சிமுலேட்டரில் ஓடிய புரொஜெக்டரை வீட்டில் மாட்டியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மூன்றுகுழல் (பெரம்பூர்):

மார்க்கீ 8500, சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று படக்குழாய் (டியூப்) உள்ள பழைய புரொஜெக்டர். வேறு மாநிலத்தில் ஒரு விமானி பயிற்சி மையம் கழித்துப் போட்டது. ஏலத்தில் எடுத்தவர் மாதவரம் குடோனில் வைத்திருந்தார், அங்கிருந்து குட்டி யானையில் என் வீட்டுக்கு வந்தது. மாடிக்குத் தூக்கியவர்கள் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஹெச்டிஎம்ஐ-யை ஆர்ஜிபி ஆக்கும் பெட்டி, மூன்று நிறத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக விழவைக்கும் கன்வர்ஜன்ஸ் எல்லாம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

என்னைக் குடைவது வேறு. எல்லாம் சரிசெய்த பிறகு முழு வெள்ளைப் பேட்டர்ன் போட்டேன். சுவரில் நேரான செவ்வகம் வந்தது. ஆனால் அதற்குள்ளே மங்கலாக இன்னொரு உருவம். மேல் விளிம்பு வில்லாக வளைந்து, இரண்டு பக்கமும் கீழே சரிந்து. சிமுலேட்டரில் திரை வளைவானது, அதற்குத் தகுந்தபடி ராஸ்டரையும் (பீம் வரி வரியாக வரையும் பரப்பு) வளைத்துத்தான் ஓட்டுவார்கள். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் பீம் விழுந்து பாஸ்பர், அதாவது பீம் பட்டால் ஒளிரும் பூச்சு, தேய்ந்திருக்கிறது. தேயாத மூலைகள் பளிச்சென்றும், தேய்ந்த நடுப்பகுதி மங்கியும் தெரிகின்றன. பச்சை டியூபில்தான் ரொம்ப மோசம். விற்றவர் "அதிகம் ஓடாத டியூப் சார்" என்று சத்தியம் செய்திருந்தார்.

அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, படத்துக்கு நடுவுல ஈர வேட்டி காயப்போட்ட மாதிரி இருக்கு" என்றார். அதோடு சரி. அன்றிலிருந்து எந்தப் படம் போட்டாலும் எனக்கு வேட்டிதான் முதலில் கண்ணில் படுகிறது.

காற்றாடி68 (திருவான்மியூர்):

டியூப் மெஷின் வாங்கினால் வேட்டியும் வரும், புடவையும் வரும். 2000-க்குப் பிறகு சிமுலேட்டர்காரர்களே மெல்ல மெல்ல எல்சிஓஎஸ் (டியூப் இல்லாமல் விளக்கும் சிப்பும் வைத்துப் படம் காட்டுவது) பக்கம் போனது சும்மாவா? என்னுடையது அந்த ரகம்தான். 1400 × 1050, தேய்மானம் கிடையாது, கன்வர்ஜன்ஸ் தலைவலி கிடையாது.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ரிமோட் இல்லை, ஸ்பீக்கர் இல்லை, பின்னால் டிவிஐ ஓட்டையும் நெட்வொர்க் ஓட்டையும் மட்டும். லேப்டாப்பிலிருந்து கட்டளை அனுப்பித்தான் எழுப்ப வேண்டும். சத்தமும் உண்டு. பயிற்சி மையத்தில் அது தனி இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும், ஃபேன் எவ்வளவு கத்தினால் யாருக்கென்ன என்று செய்திருக்கிறார்கள். மே மாத இரவு, ஏசியும் ஓடுகிறது, படம் நல்ல கட்டத்தில் இருக்கிறது. காலிங் பெல். கீழ்வீட்டு மாமி நிற்கிறார். "மேல்தொட்டி நிரம்பி வழியப் போறது, இன்னும் மோட்டாரை ஆஃப் பண்ணலையா?"

மோட்டார் ஓடவில்லை என்று சொன்னேன். நம்பவில்லை. உள்ளே வந்து புரொஜெக்டரைக் காதால் கேட்ட பிறகும் மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். இப்போதும் லிஃப்டில் பார்த்தால் "மோட்டார் எப்படி இருக்கு?" என்கிறார்.

மூன்றுகுழல் சார், பச்சை டியூபை மாற்றினால் விஷயம் முடிந்தது. அம்மா சொன்னதை வைத்துப் புலம்பாதீர்கள்.

ஓய்வு டெக்னீஷியன் (நங்கநல்லூர்):

இரண்டு பேரும் அந்தப் பெட்டி எதற்குப் பிறந்தது என்பதையே விட்டுவிட்டீர்கள். நான் சிமுலேட்டர் பராமரிப்பில் இருந்தவன். டியூபில் கலிகிராஃபிக் என்று ஒரு வித்தை உண்டு. ஒவ்வொரு ஃபிரேமிலும் வரி வரியாகக் காட்சியை வரைந்து முடித்ததும் மிஞ்சும் சொற்ப நேரத்தில், பீமை நேராக ஒவ்வொரு விளக்கின் இடத்துக்கும் கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தும். ஓடுபாதை விளக்குகள் ஒவ்வொன்றும் ஊசிமுனைப் புள்ளியாக, காட்சியைவிடப் பல மடங்கு பளிச்சென்று நிற்கும். இரவில் தரையிறங்கிப் பழக அதுதான் வேண்டும். வீட்டில் அந்தக் காட்சியை உண்டாக்கும் கம்ப்யூட்டர் இல்லை, அதனால் அந்த வித்தை உறங்கிவிடுகிறது. படம் மட்டும் ஓடுகிறது.

எனக்கு மறக்காதது ஒரு இரவு ஷிஃப்ட். மீனம்பாக்கம் காட்சிதான், ஓடுபாதை 25, பக்கத்தில் பரங்கிமலை இருட்டாக. ஓடுபாதை ஓரத்தில் பாப்பி விளக்குகள் நான்கு இருக்கும், இறக்கம் சரியாக இருந்தால் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. தாழ்ந்துபோனால் சிவப்பு கூடும். சோதனையில் உட்கார்ந்திருந்த விமானி திடீரென்று விசையைக் கூட்டி மேலே ஏற்றிவிட்டார். உயரம் சரியாகத்தான் இருந்தது. என்னவென்று போய்ப் பார்த்தால், சிவப்பு டியூப் மட்டும் சூடேறி இம்மி நகர்ந்திருந்தது. வெள்ளை விளக்கு பிரிந்து ஓரத்தில் சிவப்பு வழிந்துகொண்டிருந்தது. மூன்று டியூபும் ஒரே புள்ளியில் விழுந்தால்தானே வெள்ளை? அவர் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பெட்டியைக் கோபிப்பதா, என்னைக் கோபிப்பதா என்று தெரியாத முகம்.

காற்றாடி சார், தேய்மானம் இல்லை என்கிறீர்கள், சரி. கறுப்பு எங்கே? டியூபில் இருட்டு என்றால் பீமே இல்லை. உங்கள் மெஷினில் விளக்கு எப்போதும் எரிகிறது, தடுக்கத்தான் முடியும். உங்கள் வீட்டில் அமாவாசை சாம்பல் நிறத்தில்தான் வரும்.

காற்றாடி68:

நான் அமாவாசையா பார்க்கிறேன்? கிரிக்கெட் பார்க்கிறேன்.

ரிச்சி தெரு ரசிகன்:

நான் வாங்கவில்லை, வாங்கப் போனேன். குடோனில் டியூப் புரொஜெக்டரின் கவரைத் திறந்து போட்டிருந்தார்கள். வேலை செய்யும் பையன், கை ஈரமோ என்னவோ, பிளக்கைச் சொருகினான். பட்டென்று ஒரு நீலக் கோடு, அப்புறம் ஒரு காரமான வாசனை. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, சிரித்தான். எனக்குத்தான் கால் நடுங்கியது, பணத்தோடு திரும்பிவிட்டேன்.

வாங்குகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். உள்ளே 30,000 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கினாலும் டியூபில் சார்ஜ் தங்கியிருக்கும், உடனே கை வைக்கக் கூடாது. திறந்து வேலை செய்வது பழைய டிவி மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த வேலை, அப்படி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள், யூடியூப் பார்த்துச் செய்யாதீர்கள். டியூபுக்கும் லென்ஸுக்கும் நடுவே குளிர்விக்க ஒரு திரவம் இருக்கும், கிளைக்கால் கலந்தது. வருடம் ஆக ஆகக் கலங்கிப் பாசி மாதிரி படியும், படம் மங்கினால் டியூபைக் குறை சொல்வதற்கு முன்னால் அதைப் பாருங்கள். கீழே சிந்தினால் உடனே துடையுங்கள், இனிப்பாக இருப்பதால் பூனை நாய் நக்கும், நக்கினால் சிறுநீரகம் போய்விடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருப்பவர்கள் உப்புக் காற்றை மறக்காதீர்கள், கனெக்டரெல்லாம் பச்சை பூத்துவிடும். மாட்டுவது கான்கிரீட் தளத்தில் ஆங்கர் போட்டு, ஃபால்ஸ் சீலிங்கை நம்பி அல்ல. கரண்ட் பில்: அரைக் கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும், கூட ஏசி. தினம் நான்கு மணி நேரம் பார்த்தால் இரண்டு மாத பில்லில் புரொஜெக்டர் மட்டுமே 120 யூனிட்டுக்குக் குறையாது. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் 101-ஆவது யூனிட்டிலிருந்தே ரேட் மாறிவிடும், அது பலருக்குத் தெரியாது. கடைசியில் தூக்கிப் போடும்போது குப்பைத்தொட்டி ஓரமாக வைத்துவிட்டு ஓடாதீர்கள், டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. இப்போதைய மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரலில் நடப்புக்கு வந்தவை, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில்...

மூன்றுகுழல்:

நன்றி சார். என்னிடம் பூனையும் இல்லை, குழந்தையும் இல்லை. நான் தேடுவது பச்சை டியூப்.

வேளச்சேரி வாணி:

அப்பா வைத்திருந்தது மூன்று டியூப் பார்கோ புரொஜெக்டர். தரைத்தளம், 2015 டிசம்பர் வெள்ளம். அதற்கு மேல் விளக்க வேண்டாம். சோபா, ஃபிரிட்ஜ், ஆம்ப்ளிஃபயர், கேசட் பெட்டி எல்லாம் போச்சு. கூரையில் தொங்கிய புரொஜெக்டருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. இரும்புக் கட்டிலே போன வீட்டில் அந்தப் பூதம் மட்டும் காய்ந்து தொங்கியதைப் பார்த்து அம்மாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே.

நான் சொல்ல வந்தது அதற்கப்புறம் நடந்தது. வீட்டைக் காலி செய்து மாடி ஃபிளாட்டுக்குப் போக முடிவானது. புது வீட்டுக்காரர் கூரையில் ஓட்டை போடக் கூடாது என்றுவிட்டார். வாங்க ஆளில்லை. காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டோம். அவர் மேலே பார்த்தார், தட்டிப் பார்த்தார், "உள்ளே காப்பர் எவ்ளோ இருக்கும்?" என்றார். அப்பாவுக்குத் தாங்கவில்லை. "இருங்க தம்பி, ஓடுற மெஷின் இது" என்று ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி, சூடேற விட்டு, ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் பாட்டைப் போட்டார். கடைக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பாட்டு முடிந்ததும் "இன்னொண்ணு போடுங்க சார்" என்றார். அப்பா போட்டார். அதுவும் முடிந்தது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "படம் சூப்பர் சார். கிலோ ரேட்டுதான் வரும்" என்றார்.

அப்பா பேரம்கூடப் பேசவில்லை. நான்தான் பேசினேன், கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏற்றினார். லென்ஸ் மூன்றையும் மட்டும் அப்பா கழற்றி வைத்துக்கொண்டார். எதற்கென்று கேட்டால் பதில் வராது.

ஓய்வு டெக்னீஷியன்:

மேடம், அந்த லென்ஸை விற்றுவிடாதீர்கள். சிமுலேட்டரிலிருந்து வந்ததா, சாதாரண மாடலா என்று பாருங்கள். வளைந்த திரைக்கென்று செய்த லென்ஸாக இருந்தால் நேர்ச் சுவரில் நடு கூர்மையாக இருக்கும், மூலை குழையும். மூன்றுகுழல் சாருக்கும் அதே சந்தேகம் எனக்கு. வேட்டியோடு மூலையும் குழைகிறதா?

மூன்றுகுழல்:

குழைகிறது. இதுவரை கவனிக்கவில்லை. ஏன் சார் சொன்னீர்கள்?

காற்றாடி68:

இதற்குத்தான் எல்சிஓஎஸ் என்றேன்.

ஓய்வு டெக்னீஷியன்:

உங்களுடையதும் சிமுலேட்டர் லென்ஸ்தானே? இன்று இரவு மேட்ச் போடும்போது மூலையில் வரும் ஸ்கோரைப் பாருங்கள்.

காற்றாடி68:

பார்த்தேன். ஸ்கோர் தெரிகிறது. ஓவர் தெரியவில்லை.

குரோம்பேட்டை குமார்:

பழைய போஸ்ட்தான், இருந்தாலும். என்னிடம் 8 இன்ச் பச்சை டியூப் ஒன்று இருக்கிறது, கூலண்ட் மாற்றியது, முகத்தில் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. பணம் வேண்டாம், பதிலுக்கு உங்களிடம் உபரியாகப் பழைய நீல டியூப் நன்றாக இருந்தால் கொடுங்கள். ஸ்கூட்டரில் வரலாம், ஆனால் பின்னால் ஒருவர் உட்கார்ந்து மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பல்லாவரம் பாலத்துக்கு அப்புறம் ரோடு சரியில்லை, ஞாயிறு காலை வாருங்கள்.

மூன்றுகுழல்:

வருகிறேன் சார். அம்மாவையும் கூட்டி வருகிறேன், டியூபை அவர் பார்த்துச் சொல்லட்டும்.